சென்றாயன் உரித்த சைக்கிள்கள்

சைக்கிளுக்கு எதெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சம் இருப்பதைக் கூடுதல் விலைக்கு விற்கிறவன் ஒருவன் கொல்லிமலையில் இருக்கிறான். பெயர் சென்றாயன். வாசலூர்பட்டியில் படகு இல்லத்துக்குப் போகிற ரோட்டில், என் டீக்கடைக்கு அடுத்தாற்போல் தகரக் கொட்டகை போட்டிருக்கிறான். என் தங்கை கலைமணியின் புருசன். அதனால் அவனைப் பற்றிப் பேச அக்காக்காரி நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இத்தனை வருசமும் பேசாமல் இருந்ததற்குத்தான் என்னைப் பாராட்ட வேண்டும்.

இதே மலையில் பைல் நாட்டுப் பக்கம் நல்ல குடும்பத்தில் பிறந்தவன்தான். அவன் அப்பன் சின்னையன் மண்ணைத் தவிர வேறு எதையும் அறியாத மனுசர். மிளகு, மரவள்ளி, மேட்டுக் காட்டில் சாமை என்று எதையும் தரிசு போடாமல் வைத்திருந்தார். மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மண்வெட்டி பிடித்தால் கை காய்த்துவிடும் என்று பெங்களூருக்குப் போனான். அங்கே பணக்காரர்கள் சைக்கிள் வாங்குகிற கடை ஒன்றில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் ‘பில்டர்’ என்பான். அதே கடையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் சொன்னது வேறு. காலையில் கடையைக் கூட்டுவது, சைக்கிள்களைத் துடைப்பது, காற்று அடிப்பது, மத்தியானம் எல்லோருக்கும் டீ வாங்கி வருவது. இதற்குப் பெயர் பில்டர் என்றால் நானும் என் கடையில் ஒரு பில்டர்தான்.

திரும்பி வந்தபோது தாடி இருந்தது, குளிர் இல்லாத நாளிலும் கழற்றாத கம்பளித் தொப்பி இருந்தது, கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட பேன்ட் இருந்தது. வாயில் இங்கிலீஷும் கொஞ்சம் இருந்தது. அதை நம்பித்தான் எங்கள் அப்பா பெண் கொடுத்தார். மாப்பிள்ளை தொழில் தெரிந்தவர் என்று பெருமை வேறு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவனுக்கு வாழ்வு வருவதற்கு முன்னாலேயே குடை வந்துவிட்டது.

எங்கள் மலையில் சைக்கிள் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சமவெளிக்காரர்கள் சைக்கிளில் ஏறிப் போவார்கள். நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவோம். ரோடு ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும், இடையில் மிதிக்கிற மாதிரி நிலம் கொஞ்சம்தான். அதனால் சைக்கிள் எங்களுக்கு மூட்டை சுமக்கிற மாடு. கேரியரில் மரவள்ளி மூட்டை, பாரின் மேல் வாழைத்தார், ஹேண்டில் பாரின் இரண்டு பக்கமும் பலாப்பழம். இறக்கத்தில் பாரம் முந்திக்கொண்டு ஓடும், பிரேக் கட்டை நிற்காது. அதற்காகப் பின்னால் ஒரு பச்சை மரக்கிளையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே இறங்குவோம். கிளை தரையைப் பிறாண்டிக்கொண்டு வரும், வண்டி அடங்கி நடக்கும். இதைக் கற்றுக்கொள்ள யாரும் பெங்களூருக்குப் போனதில்லை.

இப்படி உழைத்துக் களைத்த சைக்கிள்கள் மலையில் ஊட்டுக்கு ஊடு மூலையில் சாய்ந்து கிடக்கும். சென்றாயன் அவற்றை வாங்கி வந்தான். வந்ததும் முதல் காரியம் உரிப்பது. கேரியரைக் கழற்றுவான். ஸ்டாண்டைக் கழற்றுவான். மட்கார்டு, செயின் கவர், பெல், பிரேக் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் வீசுவான். கோழியை உரித்த மாதிரி வெறும் எலும்பாக நிற்கும் சைக்கிளுக்கு மஞ்சளோ இளம்பச்சையோ அடித்து, ஹேண்டில் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டி, வெயிலில் நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். கட்டின பெண்டாட்டியை அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. சாதாரணமாக, மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். பின்சக்கரத்தில் இருக்கிற ஃப்ரீவீல் செய்கிற வேலை அது. இவன் அந்த ஃப்ரீவீலைச் செம்மேட்டு வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப்போய், அசைய முடியாதபடி ஹப்போடு சேர்த்துப் பற்ற வைத்துக்கொண்டு வருவான். அப்புறம் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், நிறுத்த முடியாது. ஓடுகிறவரை கால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபிக்ஸியாம். பிரேக் எங்கே என்று கேட்டால், காலாலேயே அழுத்திப் பிடிக்க வேண்டும், அதுதான் அழகு என்பான். எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் பிரேக் இல்லாத சைக்கிள் செய்கிறான் என்றால், அவனை என்ன சொல்வது?

ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் தன் வித்தையைக் காட்டுகிறேன் என்று படகு இல்லத்து இறக்கத்தில் அவனே ஃபிக்ஸியில் ஏறிக் கிளம்பிவிட்டான் ஒருமுறை. பாதி இறக்கத்துக்குள் பெடல் அவன் காலை உதறிவிட்டுத் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. காலிரண்டையும் தவளை மாதிரி விரித்துக்கொண்டு போனவன் ரோட்டோரக் கேழ்வரகுக் கொல்லையில் போய் விழுந்தான். கொல்லைக்காரர் குப்புசாமி பெரியவர் அவனைத் தூக்கிவிட்டு, ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு இறங்கலாமே சாமி என்று நல்லதாகத்தான் சொன்னார். இவனுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. மலைக்காட்டான் புத்தி என்று முணுமுணுத்தான். ஆனால் அடுத்த வாரமே கிளை கட்டிக்கொண்டு இறங்கினான். எவனோ சுற்றுலாக்காரன் அதைப் படம் எடுத்து, ஆகா என்று வியந்திருக்கிறான். அதிலிருந்து விற்கிற சைக்கிளோடு ஒரு கிளையையும் வார்னிஷ் அடித்துக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தான். தானே கண்டுபிடித்ததாகச் சொல்லித்தான் கொடுத்தான்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊரில் கிறுக்கு இல்லாதவன் யார்? பொறுக்க முடியாதது காட்டைக் கவனிக்காமல் போட்டுவிட்டதுதான். சின்னையன் போனபிறகு மிளகுக் காடு முழுக்கக் கலைமணி தலையில் விழுந்தது. கொடியைக் கட்டுவது, எரு வைப்பது, பறிப்பது, காய வைப்பது எல்லாம் அவள். சோளக்காட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதும் அவள்தான். சந்தையில் பலாப்பழ வியாபாரிகளுக்கு எதிரில் சாக்கு விரித்து உட்காருகிற இடம் அவளுடையது. கீழ்நாட்டு வியாபாரி எவனும் அவளிடம் எடையில் கையை வைக்க முடியாது. மிளகை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துக் காட்டி, இந்த விலைக்குத்தான் என்றால் இந்த விலைக்குத்தான். சின்ன வயதில் பேசவே கூச்சப்பட்ட பிள்ளை, சந்தைக்குப் போய்ப் போய்த்தான் நிமிர்ந்தாள். அங்கே அவள் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்க்கவே நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனதுண்டு.

போன வருசம் மாசியில், மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கி, கலைமணி கீழே விழுந்தாள். உச்சிக் கொடியில் பறிப்பதற்கு ஆண்கள்தான் ஏறுவார்கள். அவள் ஊட்டு ஆம்பிளை அன்றைக்கு ஒரு சைக்கிளுக்கு வெள்ளை டயர் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு சேந்தமங்கலத்தில் இருந்தான். இடுப்பிலும் தொடையிலும் அடி. நாமக்கல்லில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இடது கால் மட்டும் தூக்க வரவில்லை. தரையில் இழுத்துக்கொண்டு, கோலை ஊன்றி ஊட்டுக்கும் வாசலுக்கும் நடப்பாள். அதற்கு மேல் முடியாது.

சந்தை போயிற்று. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடக்க முடிந்தால்தானே பஸ் ஏறுவதற்கு. சேந்தமங்கலத்து வியாபாரி வேல்முருகன் ஊட்டுக்கே வேனைக் கொண்டுவந்து மிளகை எடுக்க ஆரம்பித்தான். அவன் வைத்ததுதான் எடை, சொன்னதுதான் விலை. ஏனுங்க, நீங்க ஒரு நடை சந்தைக்குக் கொண்டுட்டுப் போங்களேன் என்று கலைமணி புருசனிடம் கேட்டிருக்கிறாள். சந்தை கூடுகிற ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு டவுன்காரர்கள் வருகிற நாளாம், கொட்டகையை விட்டு வர முடியாதாம். வேல்முருகன் மூட்டை கட்டுகிறபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குக் காலைவிடச் சந்தை போனதுதான் வலி. என்னிடம் ஒரு நாள் கேட்டாள், ‘அக்கா, இனி நான் ஊட்டுக்குள்ளயே இருந்து இந்த வேன்காரன் குடுக்கறத வாங்கிக்கணுமா?’ நான் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினேன்.

அப்புறம் நடந்தது தற்செயல்தான். அதில் யாருக்கும் பெருமை இல்லை, என் மாப்பிள்ளைக்குக் கொஞ்சமும் இல்லை.

ரிட்டயர் ஆகிப் போன நர்சம்மா ஒருவரின் லேடீஸ் சைக்கிளை வாங்கிவந்து, வழக்கம்போல் உரித்து மஞ்சள் அடித்து, ஃப்ரீவீலைப் பற்ற வைத்து நிறுத்தியிருந்தான். கலைமணிக்குக் கோலை ஊன்றி ஊன்றிக் கை காய்த்துப் போயிருந்தது. கொட்டகை வாசலில் கோலுக்குப் பதிலாக அந்தச் சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்து பார்த்தாள். பரவாயில்லை, பிடிமானம் இருந்தது. ஒரு நாள் சும்மா சீட்டில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஓட்டிப் பழகியவள்தானே. விழுந்த பிறகு என் ஊட்டுக்காரரின் சைக்கிளில் நான் பிடித்து ஏற்றிவிட முயன்று பார்த்து, இடது கால் மேலே போனதும் அப்படியே நின்றுகொண்டதால் விட்டுவிட்டாள். இதில் அப்படி நிற்கவில்லை. வலது காலால் ஒரு மிதி மிதித்தாள். சக்கரம் சுற்றியது, சக்கரத்தோடு இடது பெடலும் சுற்றியது, பெடல் அவள் செத்த காலைத் தூக்கி மேலே கொண்டுவந்து மறுபடி கீழே இறக்கிவிட்டது. மறுபடியும் தூக்கியது. என் கடை வாசல் வரைக்கும் வந்து, வலது காலை ஊன்றி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை ஒளிப்பானேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். சைக்கிளுக்கு வேண்டியது எல்லாம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் இருக்கிறது. கேரியர் ஒன்று, ஸ்டாண்டு ஒன்று, முன் பிரேக் ஒன்று, பெல் ஒன்று என்று பொறுக்கி எடுத்தோம். வெல்டிங் பட்டறைத் தமிழ்செல்வன் இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தான். இதுவரைக்கும் உங்க மாப்பிள்ளை கொண்டாந்ததுல இதுதான் சைக்கிள்ங்க்கா என்றான். கால் நழுவாமல் இருக்க, என் பழைய சேலையில் ஒரு கிழிசலை எடுத்துக் கலைமணியின் இடது பாதத்தைப் பெடலோடு கட்டினேன்.

சென்றாயன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். ‘லைனே போச்சுங்க்கா’ என்றான். சைக்கிளின் அழகைச் சொன்னானாம். பெண்டாட்டி நாலு மாதத்துக்கு அப்புறம் ரோட்டில் போகிறாள், அவன் கண்ணுக்குக் கேரியர்தான் தெரிந்தது. கொஞ்ச நாள் அந்தச் சைக்கிள் பக்கமே திரும்பாமல் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான்.

கலைமணி சந்தைக்குப் போனாள். மேட்டில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடப்பாள். சமதரையில் ஏறி மிதிப்பாள். இறக்கத்தில் முன் பிரேக்கையும் பிடித்து, பின்னால் கிளையும் கட்டிக்கொள்வாள். அவள் இடத்தில் வேல்முருகனின் ஆள் தார்ப்பாய் விரித்திருந்தான். அவள் சைக்கிளை அவன் தார்ப்பாய் மேலேயே ஏற்றி ஸ்டாண்டு போட்டாள். அவ்வளவுதான், சண்டை போட வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது முகத்தில் வெயிலும் தூசியும் அப்பியிருந்தது, பழைய கலைமணியாக இருந்தாள். வேல்முருகன் அடுத்த வாரம் வேனைக் கொண்டுவந்து ஹாரன் அடித்தபோது, உள்ளே இருந்தபடியே மிளகு இல்லை என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஃப்ரீவீலைப் பற்ற வைத்தது அவன்தான். அது இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. ஆனால் குருடன் எறிந்த கல்லில் மாங்காய் விழுந்தால், அவனைக் குறி பார்த்தவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தை பிறந்து புது மிளகு வந்த சமயம். ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து பெரிய காரில் ஐந்தாறு பேர் வந்தார்கள். அருணாசலம் என்று ஒருத்தர், காபிக் கடைகள் வைத்திருக்கிறாராம். காபி குடிக்க வருகிறவர்கள் பார்ப்பதற்காகச் சுவரில் பழைய பொருள்களை மாட்டுவாராம். கொட்டகையில் இருந்த சைக்கிள்களைப் பார்த்தார், மனசு நிறையவில்லை. இதெல்லாம் எங்கேயும் கிடைக்கிறது என்றார். அப்போது வாசலில் நின்றிருந்த கலைமணியின் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. பெடலில் தொங்குகிற சேலைக் கிழிசலைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

சென்றாயன் சொன்னான் பாருங்கள் ஒரு கதை. நான் பஜ்ஜிக் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி மரத்திலிருந்து விழுந்தாளாம், இவன் துடித்துப்போனானாம். அவள் மறுபடி நடக்க வேண்டும் என்று ராப்பகலாக யோசித்தானாம். ஓடாத காலைச் சக்கரமே தூக்கிவிடுகிற மாதிரி ஒரு சைக்கிளைத் தன் கையாலேயே செய்தானாம். அந்தச் சேலைத் துண்டு அவர்கள் கல்யாணச் சேலையிலிருந்து கிழித்ததாம். அது நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த சேலை. கூட வந்த அம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தர் செல்போனில் படம் பிடித்தார். இவனும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனே நம்பிவிட்டான் என்பதுதான் கொடுமை.

இப்படி ஒரு அன்பு நாலு பேருக்குத் தெரிய வேண்டும், இதை என் கடைச் சுவரில் உங்கள் பெயர் எழுதி மாட்டுகிறேன், தருவீர்களா என்று அருணாசலம் கேட்டார். விலை பேச வேண்டிய அவசியமே வரவில்லை. கேட்டு முடிப்பதற்குள் இவன் தலையாட்டிவிட்டான். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அது என் தங்கச்சி சந்தைக்குப் போகிற வண்டிங்க, நாளைக்குச் சந்தைங்க என்றேன். அவர் தயங்கி, அப்படியானால் வேண்டாம் என்று கையை எடுத்தார். அதற்குள் என் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே குறுக்கே வந்து, அக்கா அப்படித்தான் சார், பழகின பொருளை விடமாட்டாங்க, நான் இதைவிட நல்லதா ஒண்ணு செஞ்சுக்குவேன் என்று சொல்லி, அவனே சைக்கிளைத் தூக்கிக் கார் மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். கேரியரில் ஒரு மூட்டை மிளகைத் தூக்கி வைக்க இந்தக் கை ஒருநாளும் நீண்டதில்லை.

கலைமணி ஊட்டில் மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். கதையில என்னைய என்னன்னு சொன்னாருக்கா என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சந்தைக்குப் போகவில்லை. புருசனோ அந்தச் சென்னைக்காரர்களை ஆகாயகங்கை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். படியிறங்குகிற வழியெல்லாம் அதே கதையைச் சொல்லியிருப்பான். இன்னொரு சைக்கிள் செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பார்க்க ஆள் இல்லாமல் அவன் ஒரு நட்டு முடுக்கியது கிடையாது. வெல்டிங்குக்கு ஆள் இல்லை, சக்கரம் கிடைக்கவில்லை, மழை வரும்போல் இருக்கிறது என்று அடுத்த வாரம் முழுக்கச் சாக்கு வந்தது. வேல்முருகனின் வேன் மறுபடி வாசலில் வந்து நின்றது.

கொட்டகைக்குள், சுவரோரம், துணி போட்டு மூடி ஒரு சைக்கிள் இருந்தது. சென்றாயனின் சொந்த சைக்கிள். பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது. ஆகாய நீலம், எண்ணெய் தடவிய தோல் சீட்டு, அதுவும் ஃபிக்ஸிதான், பிரேக் கிடையாது. அதை ஓட்டுவதைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம். வேறு யாரும் தொடக்கூடாது. அடுத்த ஞாயிறு அவன் வேறு கும்பலோடு அருவிக்குப் போன பிறகு, கலைமணி கோலை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குள் போய்த் துணியை உருவினாள்.

‘அக்கா, பால்வேன்காரனை நிறுத்து. இதைத் தமிழ்செல்வன் பட்டறைக்குக் கொண்டுபோகணும்.’

நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். தமிழ்செல்வன் கையைப் பிசைந்தான், உங்க ஊட்டுக்காரரு என்னைய வெட்டிப்போடுவாருங்க என்றான். அவர் எதையும் வெட்டினது இல்லைங்க, நீங்க வெட்டுங்க என்றாள். காலைத் தூக்கிப்போட முடியாத அவளுக்குக் குறுக்கே இருக்கிற பார்தான் இடைஞ்சல். அவன் அதை அறுத்து எடுத்து, கீழே தாழ்வாக வைத்துப் பற்ற வைத்தான். நீலப் பெயின்ட் கருகிக் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. கேரியர் ஏறியது, பிரேக் ஏறியது, மட்கார்டு ஏறியது. தோல் சீட்டின் மேல் ஒரு சாக்குத் துண்டைப் போட்டுக் கட்டினாள். அந்த வெல்டிங் பொறி பறக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் எந்தத் திருவிழாவிலும் கண்டதில்லை.

சென்றாயன் வந்து பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். யாரோ செத்துப்போன மாதிரி அறுபட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் என் கடையில் முட்டை போண்டா தின்றான். இனி யாருக்காகவும் எதுவும் செய்யமாட்டேன் என்று சபதம் எடுத்திருப்பதாகச் சொன்னான். இதுவரைக்கும் யாருக்காகச் செய்தான் என்று நான் கேட்கவில்லை, போண்டா தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

அவள் சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். மிளகு முடிந்து, காபிக் கொட்டை முடிந்து, பலா வந்தது. அந்தச் சமயத்தில்தான் அருணாசலம் மறுபடி வந்தார். ஞாயிறு காலை. கலைமணி கேரியரில் மூட்டையைக் கட்டிவிட்டுச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், நான் குனிந்து அவள் பாதத்தைப் பெடலோடு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளைச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைச் செல்போனில் காட்டினார். மஞ்சள் சைக்கிள் விளக்கு வெளிச்சத்தில் தொங்கியது. கீழே சென்றாயன் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்களாம். எதிர்ச்சுவர் வெறுமையாக இருக்கிறதாம், ஜோடியாக இன்னொன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, அந்த நீலச் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்றாயன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அறுத்த பாரும் கருகின பெயின்டும் அந்த நிமிசத்தோடு மறந்துவிட்டது. நேராக வந்து ஹேண்டில் பாரைப் பிடித்தான்.

‘எறங்கு கலை. சார் ஆசைப்படறாரு. உனக்கு வேற ஒண்ணு செஞ்சு தாரேன்.’

நான் கட்டின முடிச்சை அவிழ்க்கவில்லை. கலைமணியும் இறங்கவில்லை. வலது காலைத் தரையில் ஊன்றியபடி, புருசனைப் பார்க்காமல் அந்த மனுசரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

‘ஏனுங்க, இது வேலை செய்யற வண்டிங்க. ஜோடிக்கு எங்க ஊட்டுக்காரரைக் கொண்டுபோயி மாட்டிக்குங்க. எந்த வேலைக்கும் ஆவமாட்டாரு. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருப்பாரு.’

அருணாசலத்தின் முகம் சுண்டிப்போயிற்று. செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கேரியரில் இருந்த மூட்டையையும் கட்டியிருந்த அவள் காலையும் அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். என் மாப்பிள்ளைக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் ஏறியிருக்க வேண்டும். தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

கையை எடுங்க என்றாள் கலைமணி. எடுத்தான். அவள் ஒரு மிதி மிதித்தாள், பெடல் அவள் காலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வளைவில் அவள் மறைகிற வரைக்கும் அருணாசலம் தலைகுனிந்தபடி நின்றார். சென்றாயன் அவர் தோளில் கையைப் போட்டு, வாங்க சார் டீ சாப்பிடலாம் என்று என் கடைக்குள் கூட்டிவந்து உட்கார வைத்து, காலைத் தூக்க முடியாத பெண்டாட்டிக்காகத் தன் உயிரான சைக்கிளின் பாரை அறுத்து இறக்க வேண்டும் என்கிற யோசனை தனக்கு எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்தான்.